உத்தமபாளையம் வரைக்கும் தூக்கம்

எங்கள் அம்பாசிடரின் பின்பக்கம் கத்தும். மற்றபடி நல்ல வண்டி. எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து கிறீச் என்று ஒரு சத்தம் வரும். மேட்டில் ஏறினால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வரும். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பள்ளமும் மேடும்தான் உண்டு.

அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைப் பந்தல். அது போக இந்த வண்டி. குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டக்காரர் ஓட்டி ஓய்ந்து விற்றதை வாங்கினார். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று யாராவது கூப்பிட்டால் போவார். சத்தத்தைப் பற்றிக் கேட்டால், "ஆரன் அடிக்கிற வேலை மிச்சம்" என்பார்.

எனக்கு ஒன்பது வயதில் தம்பி பிறந்தான். பிரசவத்துக்கு அம்மா சின்னமனூரில் தாய்வீடு போயிருந்தாள். ஐந்தாம் மாதம் போய்ப் பிள்ளையோடு கூட்டிவருவது எங்கள் வீட்டு வழக்கம். தேங்காய், பழம், அம்மாவுக்குச் சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் வண்டியில் போனோம். அம்மா பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் சாக்கடை போகும் வாறுகால் மேல் வண்டி ஏறி இறங்கியது. தம்பி வீறிட்டு அழுதான்.

வழியனுப்பப் பின்னாலேயே நடந்து வந்த மாமா கையைக் காட்டி நிறுத்தினார். மாமா அம்மாவின் அண்ணன். வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். மண்டியில் ஏலம் கூறிக் கூறி, வீட்டிலும் அதே குரல்தான்.

"மாப்ள, இது காரா, செக்கா?"

"லேசாச் சத்தம் இருக்கு மச்சான்."

"லேசாவா? கம்பம் போறதுக்குள்ள பயலுக்குத் தொண்டத்தண்ணி வத்திரும். சத்தத்த நிப்பாட்டிட்டு வாங்க. பெறகு அனுப்புறேன்."

"அப்ப பஸ்ஸுல கூட்டிப் போறேன்."

"கைப்பிள்ளையோட எந்தங்கச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரணுமா? நல்லா இருக்கு மாப்ள ஒங்க பேச்சு."

அம்மா இறங்கிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் மாமா கட்சிதான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அப்பாவும் பேசவில்லை. வண்டி மட்டும் கத்திக்கொண்டு வந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் எண்ணெய்தான். வண்டி வாங்கின நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், எஞ்சினிலிருந்து இறக்கின கழிவு ஆயிலைப் பின்பக்கம் பாரம் தாங்கும் வில் பட்டைகளில் ஊற்றுவார். இந்தத் தடவை பெரிய வைத்தியம் செய்தார். திராட்சைக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் கழிவு ஆயிலையும் மண்ணெண்ணெயையும் கலந்து நிரப்பினார். அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பந்தலுக்கு அடிப்பது போல வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து அடித்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார்.

"என்னண்ணே, காருக்குச் சாம்பல் நோயா?"

அப்பா இன்னும் குனிந்து அடித்தார். இரண்டு நாள் வண்டி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிறீச் சத்தத்தோடு டொக் என்று ஒரு புதுச் சத்தமும் சேர்ந்து வந்தது.

தேனியில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெளியே வந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சிரித்தார்.

"எவ்வளவு நாளா எண்ணெய் ஊத்துறீக?"

"அது ஆச்சு நாலு வருசம்."

"பட்டை முனையில வளையம் மாதிரி ரப்பர் புஷ் இருக்குண்ணே. எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி அழுகிரும். நோயே ஒங்க மருந்துதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடைக்காரர் புது புஷ் எடுத்துக் கொடுத்தார். மூன்று விசயம் சொன்னார். எந்த இடம் போயிருக்கிறது என்று காதை வைத்துக் கேட்காமல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். புஷ் ஏறவில்லை என்றால் எண்ணெய் தொடக்கூடாது, சோப்புத் தண்ணீர்தான் போட வேண்டும். போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்கும்போது வண்டி தரையில் நிற்க வேண்டும், உள்ளே பாரம் இருக்க வேண்டும். தூக்கி வைத்து முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி கத்தும். அப்பா தலையை ஆட்டினார். அவர் மனசு கல்லாவில் இருந்தது. நான் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினோம். அப்பா பின்பக்க பம்பர் மேல் ஏறி நின்று குதித்தார். நான் சக்கரத்துப் பக்கம் படுத்து, பட்டை வண்டியோடு சேரும் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்தேன். முன்பக்க முனையில் ஒன்றும் இல்லை. பின்பக்க முனையில் பட்டையைத் தொங்கவிடும் கொக்கியில் வைத்ததும், விரலுக்குள் யாரோ சுண்டின மாதிரி இருந்தது.

"இங்கன தான்ப்பா!"

"நெசமாவா?"

"குதிங்க. இங்கன தான்."

அடுத்த பக்கமும் அதே இடம்தான்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பந்தலுக்கு நடுகிற கல்தூண் உடைந்து கிடந்ததை உருட்டி வந்து அடியில் கொடுத்தோம். கொக்கியின் போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிட்டு வந்தோம். அப்போதும் அசையவில்லை. அப்பா ஸ்பானரின் மேல் ஏறி மிதித்தார். ஸ்பானர் வழுக்கி அவர் முழங்கையைச் சக்கரத்தில் இடித்துக்கொண்டார். ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி மிதித்தார். சாயந்தரம் படக்கென்று விட்டது. பழைய புஷ் வெளியே வந்தபோது, தண்ணீரில் கிடந்த பேரீச்சம்பழம் மாதிரி இருந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஊத்துனது பூராம் நான்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி சோப்பைக் கரைத்துக் கொடுத்தேன். புது புஷ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா படுத்தவாக்கில் ஸ்பானரை மாட்டி முடுக்க ஆரம்பித்தார்.

"எறக்கி வச்சு முடுக்கணும்ப்பா."

"எவன் சொன்னது?"

"கடைக்காரர் சொன்னாக. ஆள் ஏத்திட்டு முடுக்கச் சொன்னாக."

"என்கிட்டச் சொல்லலையே."

"ஒங்ககிட்டத்தான் சொன்னாக. நீங்க காச எண்ணிக்கிட்டு இருந்தீக."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முடுக்கினதைத் தளர்த்தினார். வண்டியை இறக்கினோம். பாரத்துக்குத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பதினோரு பேர் ஏறினார்கள். டிக்கியில் மூன்று பேர். அப்பா அடியில் படுத்து முடுக்கினார்.

"ஆடாதீகடா! எவன்டா அங்கன ஆடுறது?"

பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தோம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அதில் இறங்கினோம். ஏறினோம். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வண்டியைத் திருப்பி மறுபடி இறக்கினார். மறுபடி ஏற்றினார். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"என்னண்ணே, எஞ்சின் நின்னு போச்சா?"

அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஆரனை அடித்துக்கொண்டே தெருவை மூன்று சுற்று சுற்றினார்.

மறுநாளே சின்னமனூர் போனோம். அதே வாறுகால் மேல் ஏற்றி இறக்கிக் காட்டினார். மாமா வாசலில் நின்று பார்த்தார். லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நானும் வாறேன். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள பய முழிச்சான்னா வண்டியத் திருப்பணும். சரியா மாப்ள?"

"சரி."

மாமா முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால். தம்பி அம்மா மடியில் தூங்கினான். வண்டி வயல்களுக்கு நடுவில் போனது. பள்ளம் வரும்போதெல்லாம் மாமா காதைத் தீட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா வேண்டுமென்றே இரண்டு பள்ளத்தில் இறக்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உத்தமபாளையத்துக்குள் நுழையும் இடத்தில் எதிரே வந்த லாரி ஆரன் அடித்தது. தம்பி கண்ணைத் திறந்தான். முழுசாகத் திறந்தான். என்னைப் பார்த்தான். அழ உதட்டைப் பிதுக்கினான்.

அம்மா முந்தானையை இழுத்து அவன் மேல் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மாமா திரும்பாமலே கேட்டார். "முழிச்சுட்டானா?"

"தூங்குறான்ணே" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தொடையில் நறுக்கென்று கிள்ளியது.

பஸ் ஸ்டாண்டு வந்தது. மாமா இறங்கினார். வண்டியின் கூரையில் ஒரு தட்டு தட்டினார்.

"செயிச்சுட்டீக மாப்ள."

அப்பா அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து சின்னமனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அங்கிருந்து ஊர் வரைக்கும் அப்பா சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டியைப் பிள்ளைகள் கைதட்டி வரவேற்றார்கள். வண்டியைச் சரி பண்ணினதே தாங்கள்தான் என்பது போல, பாரத்துக்கு ஏறின அந்தப் பதினோரு பேரும் முன்னால் நின்றார்கள்.

நான் மட்டும் அம்மாவிடம் பேசவில்லை. லாரி சத்தத்துக்குத்தானே தம்பி முழித்தான். எங்கள் வேலையில் குறை இல்லை. அதை மாமாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அம்மா எங்களை நம்பாமல் பொய் சொல்லிவிட்டாள் என்று கோபம்.

சாயந்தரம் அம்மா கேட்டாள். "என்னத்துக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. நீ எதுக்குப் பொய் சொன்ன?"

அம்மா தம்பியைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்கு வீட்டுக்கு வரணும்ல ஆத்தா" என்றாள்.

வர வேண்டும் என்றால் முதல் நாளே இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே, அதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.