சிதம்பரத்து மண்டபத்தில் தொங்கிய படம்

கடைசி ஆண்டில் வெளிநாட்டுக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. என்னோடு உளவியல் படித்தவர்கள் ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பறந்தார்கள். 2006-இல் நான் கடலூரைத் தேர்ந்தெடுத்தேன். சுனாமி அடித்த மீனவர் குப்பங்களில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகளுக்காக வேலை செய்துகொண்டிருந்தது. மலேசியாவில் கிள்ளானில் தமிழ் பேசி வளர்ந்தவள் நான். மொழி தெரியும், பிறகென்ன? கிளம்புவதற்கு முன் நடத்திய பண்பாட்டு வகுப்பிலிருந்து பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து பாண்டிச்சேரி வழியாகக் கடலூருக்கு நாலரை மணி நேரம், அரசுப் பேருந்தில் அறுபத்தைந்து ரூபாய். முதுநகரில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். காலையில் சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம், அங்கிருந்து பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்துக்கு டவுன் பஸ். (உட்கார இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.) பார்த்ததும் “பசியாறிட்டீங்களா” என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்பேன். குப்பத்துப் பெண்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிள்ளைகளைப் படம் வரைய வைப்பது என் வேலை. அனிதா என்ற எட்டு வயதுப் பெண் பல நாள் பூ மட்டும்தான் வரைந்தாள். சுனாமி அன்று என்ன நடந்தது என்று வரையச் சொல்லித் தொடர்ந்து கேட்டேன். ஒருநாள் வரைந்துவிட்டாள். பெரிய அலை, அதற்குள் அது கொண்டுபோன தம்பி. பாடப்புத்தகத்தில் படித்தது கண்முன் நடந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா கலாவதி வந்தார். சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். பெண் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், இனி அனுப்பவில்லை என்றார். மனதில் இருப்பது வெளியே வந்தால்தான் ஆறும் என்று நான் நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில், “சரிம்மா” என்றார். சம்மதித்துவிட்டார் என்று எழுதி, படத்தோடு அலுவலகத்தில் கொடுத்தேன்.

பயிற்சி முடியும் தறுவாயில் தொண்டு நிறுவனத்தில் சிதம்பரத்து ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர். அதில் அனிதாவின் அலை, அதற்குள் தம்பி, கீழே அவள் பெயர். கலாவதி அக்கா முன்வரிசையில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

பேனரை இறக்கச் சொல்லி ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன். விருந்தினர்கள் போகட்டும் என்றார். நான் திரும்பி வருவதற்குள் அக்கா பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியேறியிருந்தார். தெருவில்தான் பிடித்தேன். நீங்கள் சரி என்றுதானே சொன்னீர்கள் என்று, வாய் சும்மா இராமல் அதையும் கேட்டேன்.

“நீ பேச்ச நிறுத்தணும்னு சரின்னேன். தூரத்துலேர்ந்து வந்த பொண்ணு, மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது? உள்ள இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு பாஷ தெரியாது. உனக்குத் தெரியுமே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அனிதா என்னைப் பார்க்கவில்லை. இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். டீ கொடுத்தார்கள், சேர் போட்டார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பேனரை அடுத்த விழாவுக்கு ஆகும் என்று மடித்து வைத்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் ‘பண்பாட்டுப் புரிதல்’ என்ற தலைப்பின் கீழ் எனக்கு மிகச் சிறப்பு என்று போட்டார்கள். அந்தச் சான்றிதழால்தான் இன்றைய வேலை கிடைத்தது.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பிச்சாவரம் படகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தாங்காது. பயிற்சிக்குப் போகிறவர்கள், அதுவும் உங்கள் மொழி பேசும் ஊருக்குப் போகிறவர்கள், ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாதவர் வேறு வழியில்லாமல் முகத்தையாவது பார்ப்பார். எனக்கு மொழி தெரியும், அதனால் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.