மூன்றாம் நாள் கேட்ட சத்தம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பு, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை டாக்டராகப் போட்டார்கள். எல்.எம்.பி. வைத்தியப் படிப்பு முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு கம்பவுண்டர், நாலு கட்டில், பிரஷர் பார்க்கும் பெட்டி ஒன்று. குளிர்காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, தேள்கடி என்று நாள் போகும். நெஞ்சுவலி என்று வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் வாயு என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஒரு நாள் காலை, மலைமேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெற்றுடம்பு வேர்த்து மினுங்கியது.

"ராத்திரி பழைய கறியத் தின்னுப்புட்டேன் ஐயா. நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச கணக்கா இருக்கு."

கறி என்றதும் நான் வேறு எதையும் கேட்கவில்லை. அவர் இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூட்டை தூக்கிய கை என்று நினைத்தேன். ஜீரணத்துக்கு மிக்ஸ்சர் கொடுத்தேன். அங்கேயே குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். வண்டிப்பேட்டையில் மாட்டைப் பூட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"எது குடுத்திருந்தாலும் உசுரு நிக்காது சார்" என்றார் கம்பவுண்டர். இருக்கலாம். ஆனால் நான் அவருடைய நாடியைக்கூடப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் பாடப் புத்தகத்தில் இருதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு பக்கம்தான் இருந்தது. அதைப் படித்துப் படித்து ஓரம் கிழிந்தது. பல்வலி என்று வந்தவர் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன், கை தானாகப் போய் என் நாடியைப் பிடித்திருக்கும். ஊரில் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அணையில் தண்ணீர் திறந்து நடவு தொடங்கிய வாரத்தில், ராயப்பன்பட்டியிலிருந்து ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். தன் மச்சான் வயலிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும் வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பதாகவும் சொன்னார். வண்டி மெதுவாகப் போகும் என்று நான் சைக்கிளை எடுத்துக்கொண்டேன்.

மச்சான் என்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக வயல் வைத்து உழுகிற சம்சாரி. கால்களில் சேறு காயவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் சாம்பல் நிறம். தாடையும் இடது கைச் சுண்டுவிரலும் வலிக்கின்றன என்றார். நாடி நூல் மாதிரி ஓடியது. மார்பியா ஊசி போட்டுக் கட்டிலில் படுக்கவைத்தேன். அரை மணி நேரத்தில் முகம் இளகியது. 

அவர் மனைவி வாசற்படியில் நின்றார். மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி.

"இது வாயு இல்ல ஆத்தா" என்றேன். "இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணு அடைச்சிருச்சு. அந்த எடத்துச் சதை செத்துப்போயிருக்கும். அது ஆறித் தழும்பாகிற வரைக்கும் இவரு அசையக்கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு வாரம்."

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். "நாத்து முத்திப்போகும் டாக்டரையா."

அப்போது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வலிக்கு ஊசி, பிறகு படுக்கை. தானாகப் புரண்டுகூடப் படுக்கக் கூடாது. கஞ்சியை இன்னொருவர் ஊட்ட வேண்டும். மலமும் சிறுநீரும் படுத்தபடியே. இதையெல்லாம் கேட்டு அந்த மனிதர் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பப் போனார். "திரும்பாதீக!" என்று கத்தினேன்.

மறுநாள் வலி முழுக்கப் போய்விட்டது. அதுதான் வினையானது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நல்லாத்தான இருக்காக, எதுக்குக் கெடக்கணும்?" என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. வாயுதானோ? பயத்தில் ஒரு மனிதனைக் கட்டிப் போட்டுவிட்டேனோ? லேசாகக் காய்ச்சல் இருந்தது, பிரஷர் இறங்கியிருந்தது. ஆனால் காய்ச்சல் இல்லாத ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் யார்?

மூன்றாம் நாள் காலை குழாயை நெஞ்சில் வைத்தேன். லப் டப்புக்கு மேலே இன்னொரு சத்தம், புதுத் தோல்செருப்பு நடக்கும்போது கிறீச்சிடுமே, அது மாதிரி. துடிப்புக்குத் துடிப்பு கேட்டது. செத்த சதையின் மேல் இருதயத்தின் உறை உரசுகிற சத்தம். என் புத்தகத்தின் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி இதைப் பற்றித்தான். கேட்டால் சந்தேகமே வேண்டாம். எழுந்து வெளியே வந்து, மாட்டுத்தொட்டியில் முகத்தைக் கழுவினேன். சாயங்காலம் மறுபடி வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஐந்தாம் நாள், என்னைக் கூப்பிட வந்த அந்த மைத்துனர் மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டரைக் காரில் கூட்டிவந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நல்ல பெயர் உள்ளவர். பொறுமையாகத்தான் பார்த்தார். என் குறிப்பையும் படித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"உரசல் சத்தம் கேட்டதா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"மூணாம் நாள் காலையில கேட்டுச்சு சார்."

"வேற யாரு கேட்டா?"

"யாரும் இல்ல."

அவர் என் தோளைத் தட்டினார். வீட்டாரிடம், வயிற்றுக் கோளாறுதான், நாளைக்கே எழுந்து நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் மைத்துனர் அவரை எழுப்பக் கட்டிலருகே போய்விட்டார். படுத்திருந்தவரின் மனைவி மட்டும் என்னிடம் வந்தார்.

"அந்தச் சத்தத்த நீங்க மெய்யாவே கேட்டீகளா?"

"கேட்டேன்."

"அவுக பெரிய டாக்டரு. அவுகளவிட ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

  வண்டிக்காரர் கதையை முழுக்கச் சொன்னேன். கறி, மிக்ஸ்சர், தேய்த்துக்கொண்டிருந்த கை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல, இந்த வீட்டில் இனி என்னை நிற்கவிட மாட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ளைக இருந்தாகளா?"

"தெரியாது. நான் கேக்கல."

உள்ளே போனார். "தம்பி, அவுகளத் தொடாத. ஆறு வாரமும் இங்கனயே படுத்திருக்கட்டும். நடவ நான் பாத்துக்கிறேன்" என்று குரல் கேட்டது. படுத்திருந்தவர், "ஏ புள்ள, நான் என்ன பொணமா?" என்று கத்தினார். "ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றார் மனைவி.

அந்த ஆறு வாரமும் படுத்திருந்தவர் பட்டதைவிட நான் பட்டதுதான் அதிகம் என்று நினைத்திருக்கிறேன். அது நியாயமில்லை. கோவில் மணியை எண்ணிக்கொண்டு, வாய்க்கால் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர் அவர்தான். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் போவேன். வழியெல்லாம், வாசலில் கூட்டம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே மிதிப்பேன். நாலாவது வாரம் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. காலுக்குத் தலையணை வைத்து உயர்த்தி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பத்து நாள் பயந்தேன். வீக்கம் வடிந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் அவரை உட்காரவைத்தோம். அடுத்த வாரம் மனைவியின் தோளைப் பிடித்து வாசல்வரை நடந்தார். வெயிலைப் பார்த்ததும் அழுதார். அறுப்புக்கு வரப்பில் உட்கார்ந்து வேலை வாங்கினார்.

மெட்ராசில் இருதயத்தை மின்சாரத்தில் படம் எடுக்கிறார்கள், போய் வாருங்கள் என்று பலமுறை சொன்னேன். "நீங்க கேட்டது போதும்" என்று மறுத்துவிட்டார். ஆகவே நான் கேட்டது சரிதான் என்பதற்கு இன்றுவரை எந்தச் சாட்சியும் கிடையாது. பின்னாளில் வேறொன்றும் தெரியவந்தது. இப்போதெல்லாம் இந்த நோயாளிகளைச் சில நாட்களிலேயே எழுப்பி நடக்கவிடுகிறார்கள். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொல்லும். அவர் கால் வீங்கியது என் வைத்தியத்தால். நோயின் பெயரைச் சரியாகச் சொன்னேன், அதற்குப் பிறகு செய்ததில் பாதி தவறு. அவர் பிழைத்ததில் என் பங்கு எவ்வளவு என்று எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. உத்தமபாளையத்தில் பஸ் ஏறும்போது அவரும் மனைவியும் வழியனுப்ப வந்தார்கள். என் டிரங்குப் பெட்டியை அவர் ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். நானும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் அலறினோம். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்த என் விரல்கள் மணிக்கட்டுக்கு நகர்ந்தன. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் நான் எண்ணி முடிக்கவில்லை.