மென்று ஊட்ட மாட்டேன்

எண்பதுகளின் தொடக்கம். பாலிங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். மகனுக்குப் பத்து மாதம். சோற்றை வாயில் போட்டுக் கூழாகும்வரை மென்று, விரலால் வழித்து அவனுக்கு ஊட்டுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான். இரை கொண்டுவரும் பறவை என்று என்னை நினைத்துப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஆனால் என் கடைவாய்ப்பல் அழுகிக்கொண்டிருந்தது. சூலியாக இருந்தபோது வீங்கிய ஈறு பிறகு அடங்கவே இல்லை. மெல்லும்போது உப்பும் நாற்றமுமாக ஏதோ ஊறும், எனக்கே குமட்டும். பிள்ளைக்கோ ஓயாத வயிற்றுப்போக்கு. தொடையில் தோல் தொங்கியது. தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசர் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்து மருந்துத் தண்ணீர் கொடுப்பார். பூசாரி திருநீறு போடுவார். என் வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒருநாள் மென்றதைத் துப்பிப் பார்த்தேன். வெள்ளைச் சோற்றில் சிவப்பு இழை. நான் விழுங்கக் கூசுவதை அவனுக்கு ஏன் கொடுக்கிறேன்?

கணவரைத் தூக்கி வளர்த்த அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அவர் சொல்தான் சட்டம். பல்லைப் பிடுங்கப் போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"பால் குடுக்குறவ பல்லப் புடுங்குனா பால் வத்திடும்லா. அப்புறம் புள்ளைக்கு என்ன குடுப்ப, கோப்பியா?"

"வத்தட்டும் அண்ணி. கடையில டின்னு பால் விக்கிது."

"வாய் மட்டும் நல்லா இருக்கு ஒனக்கு."

"அதுதான் நல்லா இல்ல. அதுக்குத்தான் போறேன்."

ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகாமல், பிள்ளையை அவரிடம் விட்டுப் பஸ் ஏறினேன். பாலிங் அரசாங்கக் கிளினிக்கில் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்பினால், அண்ணி என் மகனை மடியில் வைத்துச் சோறு மென்றுகொண்டிருந்தார். புகையிலைக் கறை ஏறிய, ஆடும் பற்கள். மகன் வாய் திறந்து காத்திருந்தான்.

துப்புங்கள் என்று சொல்லப் பஞ்சு விடவில்லை. அவர் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினேன்.

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு மென்றதைத் தானே விழுங்கினார்.

"ஆறு புள்ளைங்கள இப்படித்தான் வளத்தேன்." அதற்காக நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை வாங்கி, சோற்றைக் கரண்டியால் மசித்து ஊட்டினேன். பாதியைத் துப்பினான். மறுபடி மசித்தேன்.

பால் வற்றவில்லை. அவன் வயிற்றுப்போக்கும் உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்ல வயிறு கட்டியது. பல் போனதாலா, கரண்டி வந்ததாலா என்று என்னைக் கேட்டால் தெரியாது. தாயின் வாய்க் கிருமி பிள்ளையின் குடலுக்குப் போகும் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அன்றைக்கு என் நாக்கு சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

லயத்தில் எனக்குக் கரண்டிக்காரி என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.