இரண்டு பேனா இன்ஜா

பிள்ளைகளின் பேச்சைச் சோதிப்பதுதான் இன்ஜாவின் வேலை. போகிற இடமெல்லாம் இரண்டு பேனா கொண்டுபோவாள். கொரிய மொழிக்கு நீலம், ஆங்கிலத்துக்குச் சிவப்பு. பிள்ளை எதில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான், மதிப்பெண் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. அமெரிக்காவின் பாலிசேட்ஸ் பார்க்கில் எங்கள் கொரிய வீடுகளில் அடுப்பில் இருப்பது இரண்டு பானை. இதைச் சொல்லித்தான் இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடங்களோடு மல்லுக்கு நிற்கிறாள்.

அன்றைக்கு வந்தவள் நாரே, ஐந்து வயது. வகுப்பில் ஏழு மாதமாக வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் வைத்த சோதனையில் ஏறக்குறைய பூஜ்யம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதற்குள் இன்ஜாவிடமிருந்து வேறு சேதி வராவிட்டால் பிள்ளை குறையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

நாரேயின் அம்மா யூரிம், அரிசிப் பலகாரக் கடையிலிருந்து மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்திருந்தாள்.

"வீட்ல கொரியன் ஒரு வார்த்தை கிடையாது டீச்சர். கொரியன் பேசினா இங்கிலீஷ் வராதுன்னு சர்ச்ல சொன்னாங்க, ஒரு வருஷமா அடியோட நிறுத்திட்டேன்" என்றாள் பெருமையாக. "ஸ்கூல்லயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் இன்ஜா. வெளியே சிரித்தாள்.

படங்களைக் காட்டிக் கொரிய மொழியில் கேட்டாள். நாரே எல்லாவற்றையும் சரியாகத் தொட்டுக் காட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஸ்பீக், நாரே. குட் கேர்ள்" என்றாள் மூலையிலிருந்து யூரிம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிட்டது.

அடுத்து பிஸ்கட் டப்பா. மூடியை இறுக்கி முன்னால் வைத்தால், திறந்து தரச் சொல்லிப் பிள்ளை கேட்கும் என்பது கணக்கு. நாரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன இடத்தில் கேட்டு வாங்கித் தின்பது எங்கள் பிள்ளைகளுக்கு மானக்கேடு. அந்த யோசனையை எழுதி வைத்த புண்ணியவானுக்கு இது எங்கே தெரியும்!

கடைசியில் இன்ஜா பொம்மைப் பையை அவிழ்த்தாள். தாத்தா, அம்மா, குட்டிப் பையன், பொன்னிறத் தலைமுடி வைத்த வெள்ளைக்கார டீச்சர். குட்டிக்குப் பிறந்தநாள், கடற்பாசி சூப். பெரியவர்தான் முதலில் தொட வேண்டும் என்ற எங்கள் வழக்கத்தை மீறி, வேண்டுமென்றே முதல் கரண்டியைக் குட்டியின் வாயில் வைத்தாள். நாரே நெளிந்தாள். இரண்டாவது கரண்டியும் குட்டிக்கே போனது. நாரேயால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர்! தாத்தா இன்னும் ஸ்பூனையே தொடல!"

கொரிய மொழி. அதற்கப்புறம் மடை திறந்துவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க தாத்தா, சூடா இருக்கு, ஊதிக் குடிங்க. டேய் குட்டி, உனக்கு என்னடா அவசரம்? பறக்காதே!" சட்டென்று டீச்சர் பொம்மை பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "மிஸ், இது பொறந்தநாள் சூப். பாக்கத்தான் பச்சையா இருக்கும், கடிக்காது. பயப்படாம குடிங்க."

நீலம், சிவப்பு, மறுபடி நீலம். இன்ஜாவால் பேனா மாற்றி மாளவில்லை. தாத்தாவுக்கு எந்தப் பேச்சு, தம்பிக்கு எந்தப் பேச்சு, வெள்ளைக்கார டீச்சருக்கு எது என்று இந்தப் பொடிசுக்கு யார் சொல்லித் தந்தது? எத்தனை நூறு பிள்ளைகளைப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் இன்ஜாவுக்கு இப்படித்தான் உடம்பு சிலிர்த்துவிடும். சாமி கும்பிடத் தோன்றும். வெள்ளிக்கிழமைக்கு இந்த ஒரு தாள் போதும். தனி வகுப்புப் பேச்சே இனி எழாது.

அப்போதுதான் கவனித்தாள். அம்மா பொம்மை மேஜை ஓரத்தில் குப்புறக் கிடந்தது.

"அம்மா சாப்பிட வரலையா?"

நாரே மூலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அம்மாவுக்கு என்கிட்ட மட்டும் பேச வராது டீச்சர். முன்னாடி நிறைய கதை சொல்வாங்க. இப்ப ஈட், ஸ்லீப், ஹரி அப், அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தாள். "டெஸ்ட் எனக்கு வேணாம். அம்மாவுக்கு வைங்க. அவங்களை சரி பண்ணுங்க."

யூரிம் எழுந்துவிட்டாள். மாவுக் கை வாயைப் பொத்தியிருந்தது.

"டீச்சர்... நான் இவகிட்ட கொரியன்ல பேசலாமா? இங்கயே?"

"பேசுங்கம்மா. முதல்ல பேசுங்க."

யூரிம் மகள் முன்னால் மண்டியிட்டாள். ஒரு வருடமாகப் பூட்டி வைத்த பேச்சு, துண்டு துண்டாக வந்தது.

"நாரே... அந்தப் புலிக் கதை... எங்க விட்டோம்டா?"

நாரே யோசிக்கவே இல்லை.

"ஆத்தங்கரைல. அது அங்கயே நின்னுட்டு இருக்கும்மா, நீ வருவேன்னு."

இன்ஜா நீலப் பேனாவை எடுத்தாள். எழுத வேண்டிய தாள் கண்ணுக்குத் தெரியவில்லை.