நடுச்சுவரைத் தாண்டாத வைஃபை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போன வருஷம்தான் அந்த வைஃபை அடாப்டரை வாங்கினேன். பெருவிரல் அளவுதான் இருக்கும். டெஸ்க்டாப்பில் செருகினால் வயர் இல்லாமலே இன்டர்நெட் வரும் என்றார்கள்.

தங்கை சிங்கப்பூரில் இருந்தாள். போனில் அவள் குரலைக் கேட்டால் அப்பா பதில் சொல்ல முடியாமல் அழுவார். முகத்தையாவது காட்டலாம் என்று பார்த்தால், எங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை. கனெக்‌ஷன் கேட்டு எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டில் இருந்தது. அது சித்தப்பா வீடு.

தாத்தா கட்டிய ஒரே வீட்டை, அதிலிருந்த நடுச்சுவரையே எல்லையாக வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். அதோடு பேச்சும் நின்றது. அந்தச் சுவரில் நாங்கள் ஆணி அடித்தாலே அந்தப் பக்கம் சத்தம் கிளம்பும். சித்தப்பா மகன் நல்லவன். தன் அப்பாவுக்குத் தெரியாமல் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தான். வயர் இழுத்தால் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் அடாப்டர்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, விலை குறைவு. இன்னொன்றில் ஆண்டெனா கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, விலை இரண்டு மடங்கு.

"இடையில எத்தன சுவரு அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"கனத்த சுவருன்னா கொம்பு வச்சத எடுங்க. பொறவு எங்கிட்ட வந்து கொறை சொல்லாதீய."

நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு யாரைப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம்தான். சின்னதையே வாங்கிக்கொண்டு ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி வந்தேன். தாத்தா அந்தச் சுவரைக் கருங்கல்லில் இரண்டடி கனத்தில் கட்டியிருந்தது கடையில் ஞாபகம் வரவில்லை.

சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைத்தும் பார்த்தேன். ஒருநாள் தங்கை முகம் வந்தது. அப்பா சிரித்தார். அவள் "அப்பா" என்றாள். அப்படியே பாதி மூடிய கண்ணோடு படம் உறைந்துவிட்டது. அப்பா இடது கையால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே அவர் திரும்பவில்லை.

கொம்பு வைத்ததை வாங்கியிருக்கலாம். அந்தக் கடைக்காரர் முகத்தில் விழிக்க வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சித்திரை வெயிலில் அப்பா போய்விட்டார்.

தங்கை வந்து சேர்ந்த பிறகுதான் உடலை எடுத்தோம். மறுநாள் சித்தப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார், பாகம் பிரித்த பிறகு முதல் தடவையாக. கம்ப்யூட்டர் மேலிருந்த கேமராவைக் காட்டி என்னவென்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்து போய் நடுச்சுவரைத் தடவினார். கரிசல் மண் காய்ந்து பிளக்கும்போதெல்லாம் அந்தச் சுவரும் கல் இடுக்கில் வெடிக்கும். அந்த வருஷம் வெடிப்பு அந்தப் பக்கம் வரைக்கும், விரல் நுழையும் அளவுக்கு இருந்தது.

"இது வழியா வயரக் குடுத்திருப்பனே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னலே?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.