இருபத்தாறு பேரின் பதில்கள்

முப்பத்தெட்டு வயதில் உளவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். வார நாள்களில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்தவர்கள் அதே ஊரின் புந்தோங் பகுதியில் என்னைச் சுற்றி வாழ்ந்தவர்கள்தான். ரப்பர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, ஆலைகளிலும் துப்புரவுப் பணியிலும் ஷிப்ட் போட்டு உழைக்கும் தமிழ்ப் பெண்கள். மனக்கவலை அவர்களுடைய கவனத்தை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க விரும்பினேன்.

அதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. திரையில் என்ன வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்தது வர வேண்டும் என்று நாமே அடுக்கி வைக்கலாம். நான் அடுக்கியது எளிய சோதனை. திரையில் ஒரு சொல் வரும். அது சிவப்பில் இருந்தால் இடது பொத்தான், பச்சையில் இருந்தால் வலது. 'வாளி', 'நாற்காலி' போன்ற சொற்களும் வரும், 'பயம்', 'தனிமை' போன்றவையும் வரும். மனத்தை உறுத்தும் சொல்லாக இருந்தால் நிறத்தைச் சொல்லக் கை கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தைக் கணினி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து வைக்கும். அது முடிந்ததும் ஒரு கேள்வித்தாள், அதுவும் திரையிலேயே.

முதல் நாளே தமிழ் உடைந்தது. 'கோபம்' என்று தட்டினால் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நின்றது. எழுத்துருவை மாற்றினேன். மென்பொருளைக் கழற்றித் திரும்பவும் ஏற்றினேன். இரண்டு வாரம் போனது.

என் மேற்பார்வையாளர் மலாய்க்காரப் பெண்மணி. கனிவானவர், ஆனால் நேரத்தை வீணாக்கப் பிடிக்காதவர்.

"மலாயில் செய்துவிடுங்களேன். அவர்களுக்குத்தான் மலாய் தெரியுமே" என்றார்.

"தெரியும் டாக்டர். பாசாரில் மீன் வாங்கவும் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கவும் தெரியும். அவர்கள் பயப்படுவது தமிழில்."

அவர் சிரித்தார். "சரி. ஆனால் அடுத்த மாதம் சோதனை ஓட வேண்டும்."

கடைசியில் ஒரு வழி கண்டேன். ஒவ்வொரு சொல்லையும் வேறோர் இடத்தில் தட்டி, படமாகச் சேமித்து, படத்தை மென்பொருளுக்குக் கொடுத்தேன். படம் உடையாது. மதிய உணவு நேரங்களில், ஒரு கையில் ரொட்டியோடு, சொல்லுக்கு இரண்டு நிறமாக எல்லாச் சொற்களையும் படமாக்கினேன்.

மாதா கோயில் மண்டபத்தைச் சனிக்கிழமை காலைகளில் தந்தார்கள். ஐந்து வாரத்தில் இருபத்தாறு பெண்கள் வந்து போனார்கள். கோப்புகளைத் திறந்து பார்த்தபோது கேள்வித்தாள் பகுதி என்னை உறுத்தியது. பெரும்பாலோர் எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றே தொட்டிருந்தார்கள். இவ்வளவு நிம்மதியான ஊரா எங்கள் ஊர்?

அடுத்த சனிக்கிழமை, முதல் வாரமே சோதனைக்கு வந்த ஓர் அக்கா, மண்டபத்தில் மறந்து வைத்த குடையை எடுக்க வந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர், கலகலப்பாகப் பேசுபவர். எப்படி இருக்கீங்க என்று கேட்டேன்.

"எங்க லா, மூணு மாசமா ஒழுங்கா தூக்கமே இல்ல. ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிட்டா அவ்வளவுதான்."

அவருடைய பதில்கள் எனக்கு நினைவில் இருந்தன. "அக்கா, கேள்வித்தாள்ல அப்படி ஒண்ணும் இல்லைன்னு தொட்டிருந்தீங்களே?"

"அதுல தூக்கத்தப் பத்தி எங்க கேட்டுச்சு?"

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். 'கடந்த ஒரு மாதத்தில் உறக்கமின்மையால் அவதியுற்றீர்களா?' என்று இருந்தது.

"இதுவா? இது ஏதோ வியாதி பேருன்னு நெனச்சேன். எனக்குத்தான் இனிப்புநீரும் இல்ல, பிரஷரும் இல்லையே. அதான் இல்லன்னு அமுக்கிட்டேன்."

"மனச்சோர்வுன்னு கேட்டதுக்கு?"

"சோர்வுனா அசதிதானே? வேல செஞ்சா அசதி வரத்தான் செய்யும். அதப் போயி சொல்லுவாங்களா?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தக் கேள்விகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தவள் நான்தான். இலக்கணப் பிழை இல்லை என்று பெருமைப்பட்டிருந்தேன். இருபத்தாறு பெண்கள் வேலை முடித்து வந்து, என் எதிரே உட்கார்ந்து, புரியாத கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இருபத்தாறையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கப் போகிறேன்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கேள்வித்தாளை ஒரு குறைபாடு என்று எழுதிவிட்டு மேலே போகலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இன்னொரு செமஸ்டர் ஆகும், தெரியுமா? ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும்."

"தெரியும் டாக்டர்."

"வேலையும் பார்க்கிறீர்கள்."

"பார்க்கிறேன். ஆனால் இந்தப் பதில்களை வைத்து ஒரு வரிகூட என்னால் எழுத முடியாது."

பெருமூச்சு கேட்டது. "விண்ணப்பத்தை எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் போடுகிறேன்."

குடையை மறந்த அக்காவையும், கையுறை ஆலையில் வேலை செய்யும் இன்னும் இருவரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக நான் விஷயத்தைச் சொல்வேன்; அதை எப்படிக் கேட்பது என்று அவர்கள் சொல்வார்கள். எளிதாக இருக்கவில்லை. 'மனசு சரியில்ல' என்பதற்கும் 'மனசு விட்டுப்போச்சு' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மூவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். மனசு சரியில்லை என்றால் நாளைக்குச் சரியாகிவிடும், விட்டுப்போச்சு என்றால் சரியாகும் என்ற நினைப்பே இல்லை என்று அக்கா முடித்து வைத்தார். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக்கினேன்.

வாசிக்கத் தடுமாறுபவர்களுக்காகக் கேள்விகளைக் குரலாகவும் சேர்த்தேன். முதலில் நானே பேசிப் பதிவு செய்தேன். கேட்டதும் அக்கா முகத்தைச் சுளித்தார். "என்னாது இது, ரேடியோ செய்தி மாரி இருக்கு. பக்கத்துல உக்காந்து கேக்கற மாரி கேளு."

"அப்ப நீங்களே பேசுங்க."

"நானா? ஐயோ, மாலு லா" என்று வெட்கப்பட்டார். ஆனால் மறுவாரம் வேலை முடிந்து நேராக வந்தார். வீட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கவே இல்லை. அதனால் என் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். குளிர்சாதனத்தையும் போட முடியாது, அதுவும் சத்தம். வியர்வை வழிய வழிய ஒவ்வொரு கேள்வியையும் மூன்று முறை பேசினார். ஒன்றில் சிரித்துவிட்டார், திரும்பப் பேசினார். கடைசிக் கேள்வி, செத்துப்போயிட்டா தேவலாம்னு தோணியிருக்கா என்பது. அதை மட்டும் ஒரே முறையில் பேசி முடித்து, கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு யாராவது ஆம் என்று தொட்டால், சோதனை முடிந்ததும் என் திரையில் மட்டும் ஒரு குறி தெரியும்படி மென்பொருளில் அமைத்தேன். அப்படி வந்தால் அன்றே அவரோடு பேசி, உதவி கிடைக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் நிபந்தனை.

இரண்டாவது சுற்றில் நான்காம் வாரம், அந்தக் குறி வந்தது. ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை செய்யும் பெண் அவர், வயது நாற்பதுக்குள். முதல் சுற்றுக்கும் வந்திருந்தார். அப்போது எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'.

மற்றவர்களை வெளியே தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கடைசிக் கேள்விக்கு ஆமான்னு தொட்டிருக்கீங்க. அதப் பத்திப் பேசலாமா?"

மடியைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியாம தொட்டுட்டேன்னு சொல்லலாம்னு பாத்தேன். ஆனா அந்த அக்கா கேட்டப்ப, நெசமா கேக்கற மாரி இருந்திச்சி. அதான்."

"இப்பவும் அப்படித் தோணுதா?"

"காலைல கூடத் தோணிச்சி."

அவரைத் தனியே விடவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொன்னார்கள். அவருடைய தங்கைக்கும் தகவல் சொல்லி, என் காரிலேயே போனோம். டாக்டர் அறையின் கதவருகில் நின்று, "நீங்களும் உள்ள வாங்க" என்றார். போனேன். உள்ளே பெரும்பாலும் அந்தப் பெண்ணே பேசினார். மருந்தும் ஆலோசனையும் தொடங்கின. பாதியில் இரண்டு முறை நிறுத்தப் பார்த்தார், தங்கை விடவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஆலையில் பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆய்வு ஒரு செமஸ்டர் தாமதமாக முடிந்தது. நிறச் சோதனையில் நான் எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை. கவலை அதிகமுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அதை அப்படியே எழுதினேன். ஒதுக்கிய இருபத்தாறைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதும்படி சொன்னவர் மேற்பார்வையாளரே.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்களில் ஒருவர் அந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இந்த அளவு படிப்புக்கு இத்தனை சிரமம் தேவையா? முதல் தரவே போதுமானதாக இருந்திருக்குமே."

"போதுமானதாக இருந்திருக்கும்," என்றேன். "ஆனால் அது பொய்."

அவர் எழுதிக்கொண்டார். நான் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு கிளினிக்கில் பிற்பகல் பதிவு தொடங்கும். காரை எடுத்தேன்.