காது சுருங்காது

செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த காலம் அது. என் இயர்போனின் ரப்பர் ஒன்று தொலைந்துபோய், விருத்தாசலம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஒரு டப்பா ரப்பரைக் கண்ணாடிமேல் கொட்டினார்.

பக்கத்தில் இன்னொருவரும் அதற்காகத்தான் வந்திருந்தார். கரும்பு டிராக்டர் ஓட்டுபவராம். அகன்ற தோள், காலரில் புழுதி. கைக்கு வந்த முதல் ஜோடியைத் தன் இயர்போனில் மாட்டி, பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. கடைக்காரர் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நான் பீங்கான் கம்பெனியில் அச்சு செய்பவன். சுட்டால் மண் சுருங்கும் என்பதால் அச்சை எப்போதும் பெரிதாகவே செய்வோம். பழகிய கை, இருப்பதிலேயே பெரிய ரப்பரை எடுத்தது.

அவர் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இம்மாம் பெருசு எதுக்குங்க?"

"சூளைக்குப் போனா சுருங்குமில்லீங்களா" என்று வாயில் வந்துவிட்டது.

"காதுல வச்சா சுடப்போறீங்க?"

கடையே சிரித்தது. வீம்புக்கு அதையே வாங்கினேன்.

ஊர் திரும்பும் பெண்ணாடம் பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டு. பள்ளத்துக்குப் பள்ளம் என் ரப்பர் பிதுங்கி விழுந்தது. அவரோ கண்ணை மூடி, ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டபடியே வந்தார்.

அது என்ன பாட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த எல்லாப் பாட்டையும்விட அது நல்ல பாட்டு என்பது மட்டும் நிச்சயம்.